எர்ணாவூரில் என் பெயருக்கு ஒரு வண்டு

என் பெயரை ஒரு வண்டுக்கு வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பினாங்கில் எங்கள் தெரு வாசகசாலையில் எனக்குப் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். மாலை, காராசேவு, கோப்பி, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. தலைமை வகித்த மளிகைக்கடைச் செட்டியார், "கப்பலுக்குப் பேர் வைக்கிறாங்க, தெருவுக்குப் பேர் வைக்கிறாங்க. நம்ம சொக்கலிங்கத்துக்கு வண்டு கெடைச்சிருக்கு. அவரவர் தகுதி!" என்று பேசி உட்கார்ந்தார். அந்த வண்டு இன்னும் கிடைக்கவே இல்லை என்பதைக் கூட்டம் முடிந்த பிறகு என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். மாலையை வாடாமல் தண்ணீரில் போட்டுவைக்கட்டுமா என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். நான் பினாங்கில் ஒரு பூச்சிக் காட்சிசாலையில் வேலை பார்த்தேன். செத்த பூச்சிகளை ஊசியில் குத்தி, பெட்டியில் வரிசையாக வைத்து, கீழே சீட்டு எழுதி ஒட்டுவது என் உத்தியோகம். ஒருநாள் அடியில் கிடந்த பழைய பெட்டி ஒன்றில் பதினான்கு இலைவண்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. ஆமை மாதிரி வட்ட ஓடு, சுற்றிலும் தொப்பி விளிம்பு போல ஒரு விளிம்பு. நிறம் பழுப்பு. சீட்டில் "எண்ணூர்ப் பக்கம், மதராஸ்" என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். இதே அளவு, இதே வடிவம், இதே மதராஸ் கடற்கரை என்று ஒரு வண்டு பழைய புத்தகம் ஒன்றில் வர்ணப் படமாக இருந்தது. ஆனால் அது சொக்கத் தங்க நிறம். நம்முடையதோ வெந்த வேர்க்கடலைத் தோல் நிறம். ஆகவே இது வேறு இனம் என்று எங்கள் துரையிடம் போய்ச் சொன்னேன்.

துரை முப்பது வருஷமாக வண்டுகளைத் தவிர வேறெதையும் முகம் கொடுத்துப் பார்க்காதவர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் பார்த்தார். கடைசியில் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். புது இனம்! கண்டுபிடித்தவன் நான் என்பதால் என் பெயரையே லத்தீனாக்கி 'சொக்கலிங்கமி' என்று வைக்கலாம் என்றார். ஆனால் பதினான்கு பழம் பிரேதங்களை நம்பி உலகம் ஒத்துக்கொள்ளாது. நேரில் போய்ப் புதிதாகப் பிடித்து வரவேண்டும், அதன் புழுவையும் கொண்டுவர வேண்டும் என்று என்னைக் கப்பலேற்றிவிட்டார்.

புறப்படும்போது துரை சொன்ன புத்திமதிகள் இன்னும் காதில் இருக்கின்றன. பழுப்பு வண்டைக் கண்டவுடனே ஸ்பிரிட் பாட்டிலில் போடு. தங்க நிறத்தைக் கண்டால் திரும்பிப் பார்க்காதே, அது ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்ட பழைய சரக்கு. பிறகு அச்சடித்த பாரம் ஒரு கட்டுக் கொடுத்தார். ஊர், செடி, உள்ளூர்ப் பெயர் என்று மூன்று கட்டங்கள். "எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. காலிக் கட்டம் சோம்பேறித்தனத்தின் அடையாளம்" என்றார். அவர் கல்யாணப் பத்திரிகையில் கூடக் காலியிடம் விட்டிருக்க மாட்டார்.

மதராஸ் துறைமுகத்தில் இறங்கியதும் பிடிபட்டது நான்தான். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம். ராஜதானி முழுக்க மதுவிலக்கு. அதை எங்கள் துரையும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் பெட்டியைத் திறந்த கான்ஸ்டபிள் இரண்டு பாட்டில்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா இது?"

"ஸ்பிரிட்."

தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிற திருடனை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

"குடிக்கவா கொண்டாந்தே?"

"இல்லை ஐயா. பூச்சிக்கு."

"பூச்சி குடிக்குமா?"

"பூச்சியை இதில் போட்டால் செத்துப்போகும்."

"மனுசனே சாவுறான், பூச்சி எம்மாத்திரம்! பர்மிட் கீதா?"

"எனக்கா, பூச்சிக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பாட்டிலும் பறிமுதல். முத்திரை வைப்பதற்கு முன் மூடியைத் திறந்து, நீண்ட நேரம் கண்ணை மூடி முகர்ந்து, அது ஸ்பிரிட்தான் என்று சர்க்கார் சார்பில் உறுதி செய்துகொண்டார். "பூச்சிக்கு ஒரு பர்மிட் எயுதி வாங்கிக்கினு வா, தரேன்" என்று என்னை அனுப்பிவைத்தார்.

ராயபுரத்தில் நாயுடு ஒருவர் நடத்திய ஓட்டலின் மாடியில் ஒரு அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வரும். மூடினால் கீழே சமையலறைப் புகை வரும். எது வேண்டும் என்று நாயுடு மரியாதையாகக் கேட்டார். நிலக்கரியைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் பினாங்கில் கோப்பி என்றால் கறுப்பாக, கண்டிப்பாக, அடியில் டின் பாலோடு கிளாஸில் வரும். இங்கே டம்ளரும் டவராவுமாக வந்தது. பக்கத்து மேஜைக்காரர் டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி முழங்காலுக்குக் கீழே இருந்த டவராவில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றினார். நானும் அதே மாதிரி தூக்கினேன். என்னிடமிருந்த இரண்டு வெள்ளைச் சட்டையில் ஒன்று அன்றே பழுப்பு இனமாகிவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் திருவொற்றியூர் வரை போய், அங்கிருந்து காசிம் பாயின் ஜட்காவில் எர்ணாவூருக்குப் போனேன். ஜட்காவுக்குப் பின்பக்கம் பாரம் அதிகமானால் குதிரை மேலே தூக்கிக்கொள்ளும், முன்பக்கம் அதிகமானால் மண்டி போடும். அதனால் காசிம் பாய் வழி நெடுக, "சாப், கொஞ்சம் முன்னால வா... சாப், கொஞ்சம் பின்னால போ" என்று என்னைத் தராசுக் கல் போல நகர்த்திக்கொண்டே வந்தார். நாலு மைல் பயணத்தில் இரண்டு மைலாவது நான் வண்டிக்குள்ளேயே நடந்திருப்பேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், அதற்கப்பால் உப்புப் படகுகள் போகிற கால்வாய். காற்றில் கருவாடும் தொழிற்சாலைப் புகையும் சரிபாதியாக இருந்தன.

எங்கள் மலாயாக் காட்டில் ஒரு வண்டைத் தேடுவதற்குள் பத்து அட்டை காலில் ஏறிவிடும். எர்ணாவூர்க் கரையில் அந்தத் தொல்லை இல்லை. வெறும் மணல், மணல் மேல் படர்ந்த அடப்பங்கொடி. இந்த வண்டுகள் அந்தக் கொடியின் இலையைத்தான் தின்னும். கொடி தரையோடு தரையாகக் கிடப்பதால், மண்டி போட்டுத் தவழ்ந்துகொண்டே ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. குடை பிடித்தால் கை ஒன்று போய்விடுகிறது. ஆகவே குடையை விரித்து, காம்பை முதுகோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டேன். இரண்டு கையும் சும்மாவாயின. இந்த யுக்தி எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அரைமணி நேரம் தவழ்ந்திருப்பேன். எதிரே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பில் மீன் கூடையோடு ஓர் அம்மாள். நாற்பது வயதிருக்கும், அலையையே அதட்டி நிறுத்திவிடக்கூடிய குரல். அவர்தான் கன்னியம்மா. புருஷன் கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வருவதை விற்பதும், விற்காததைக் கருவாடாக்குவதும் அவர் வேலை.

"இன்னா நைனா தொலச்சே?"

"ஒன்றும் தொலைக்கவில்லை அம்மா. ஒரு வண்டைத் தேடுகிறேன்."

"வளத்த வண்டா?"

இல்லை, யாரும் வளர்க்காத வண்டு, அதைப் பிடிக்கத்தான் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தேன் என்று விளக்கினேன். கன்னியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டார். குப்பத்துப் பக்கம் திரும்பி, "ஏ! அல்லாரும் இங்க வாங்கடி! ஒருத்தர் பெனாங்குலேர்ந்து வண்டு புடிக்க வந்துகீறாரு!" என்று ஒரு குரல் கொடுத்தார். வலைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

கொடியில் தங்க வண்டுகள் ஏராளமாக இருந்தன. இலைக்கு இலை உருக்கிய பொன்னைச் சொட்டுவிட்ட மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. துரை சொன்னபடி அவற்றைச் சுண்டி எறிந்துவிட்டுப் பழுப்பைத் தேடினேன். "அய்ய, தங்கப்பூச்சிய தூக்கிப் போட்டுட்டு இன்னாத்த தேடுது இது?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. புழுக்களும் நிறைய இருந்தன. இந்தப் புழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இது தான் போடுகிற அசிங்கத்தை வீணாக்குவதில்லை. தான் உரித்த தோலையும் அதையும் சேர்த்துப் பிசைந்து, வால் நுனியில் ஒட்டவைத்து, முதுகுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரியும். வெயிலுக்குக் குடையும் ஆயிற்று. தின்ன வருகிற எறும்பும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடும். புழுக்களில் சிலவற்றை இலையோடு எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் கன்னியம்மா வீட்டில் சாப்பாடு. சுறாப்புட்டும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். பினாங்கு நாசி கந்தார்ச் சோற்றில் பத்துக் குழம்பைக் கலந்து ஊற்றினாலும் வராத ருசி அந்த ஒரு குழம்பில் இருந்தது. மூன்று தரம் சோறு வாங்கினேன். வெளியே வந்தபோது ஒரு பாயில் பழுப்பாக, ஒட்டிப்போய் ஒரு மீன் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கூடையில் வெள்ளிக் கம்பி மாதிரி பளபளவென்று இன்னொரு மீன். நான் வகைப்படுத்துகிற ஆள் அல்லவா? "இவை இரண்டும் என்னென்ன மீன்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நெத்திலிதான் நைனா. அது முந்தாநாளு வந்தது, இது இன்னிக்கி வந்தது."

கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருந்தால் நாலு நாள் முட்டி தேய்ந்திருக்காது.

திரும்பும்போது ஜட்கா ஓரிடத்தில் நின்றது. காசிம் பாய் பீடி பற்றவைத்தார். நான் இறங்கிக் காலை நீட்டினேன். திரும்பி வந்து பார்த்தால், இறங்கும்போது தரையில் நான் வைத்திருந்த அடப்பங்கொடிக் கட்டைக் காணோம். குதிரையின் வாய் ஓரத்தில் கடைசி இலை உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த இலையின் மேல் ஒரு புழு தன் குடையைத் தூக்கிப் பிடித்தபடியே சென்றது. குதிரை என்னைப் பார்த்த பார்வையில் துளி வருத்தம் கிடையாது.

"பாய், என் புழுவெல்லாம் போயிற்றே!"

"பேஜார் படாத சாப். எத்த துன்னாலும் அதுக்கு செரிச்சுடும்" என்று காசிம் பாய் எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் கவலை குதிரையைப் பற்றி.

மூன்றாம் நாள் செய்தி பரவிவிட்டது. பினாங்குக்காரருக்குப் பூச்சி வேண்டுமாம் என்று திருவொற்றியூரிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். கரப்பான், பிள்ளைப்பூச்சி, பூரான், பெயர் தெரியாத நண்டு, எல்லாம் வந்தன. ஒரு பெரியவர் கோரைப் பாயையே சுருட்டிக்கொண்டு வந்து, "மூட்டப்பூச்சி நம்ம வூட்ல நல்ல சாதி கீது. எவ்ளோ வோணும்?" என்றார். வேண்டாம் என்றதற்கு மனம் நொந்து, "எல்லாம் மூஞ்சி பாத்து எடுக்கறாரு" என்று சொல்லிக்கொண்டே போனார். பழுப்பு வண்டு மட்டும் வரவே இல்லை. ஒரு காக்கை என் குடையைத் தன் சொந்த இடமாக்கிக்கொண்டு, அன்று முழுவதும் அதைக் கௌரவித்தது.

நான்காம் நாள் எனக்குப் பயமே வந்துவிட்டது. கப்பலுக்கு இன்னும் மூன்று நாள். வெறுங்கையோடு போனால் செட்டியார் முகத்தில் எப்படி விழிப்பேன்? குரூப் போட்டோவை வாசகசாலையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். "வண்டு எங்கே, வண்டு எங்கே" என்று தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்பானே! மணலில் உட்கார்ந்து, என் பெயர் லத்தீனில் எப்படி எழுதப்படும் என்று விரலால் எழுதிப் பார்த்தேன். அலை வந்து அழித்துக்கொண்டு போயிற்று.

என் முகத்தைப் பார்த்துக் கன்னியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தங்க வண்டைப் பிடித்துத் தன் நெற்றியில் விட்டுக்கொண்டார். அது புருவ மத்தியில் உட்கார்ந்து தங்கப் பொட்டாக ஜொலித்தது. பிறகு அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார். "ஒனக்கு வோணான்னா போவுது. ஒம் பொண்டாட்டிக்கு குடு. பொட்டாட்டம் வெச்சிக்கட்டும்" என்றார். பழைய சரக்குதான், ஆனாலும் அன்பாகக் கொடுத்ததை மறுக்கக்கூடாது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை. நாயுடு ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பையில் ஏதோ உறுத்தியது. தீப்பெட்டி. மனைவிக்கான பொட்டு எப்படி இருக்கிறது என்று திறந்தேன்.

உள்ளே ஒரு பழுப்பு வண்டு!

எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. "கிடைத்துவிட்டது! சொக்கலிங்கமி!" என்று கத்தினேன். நாயுடு சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். வடகறியில் பூச்சி கிடந்தது என்று நான் ஊரைக் கூட்டுவதாக நினைத்து, "சார், மெதுவா! மெதுவா!" என்று என் வாயைப் பொத்தினார். அவர் கையை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஜட்காவில் காசிம் பாய் முன்னே வா, பின்னே போ என்று சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. குதிரை இரண்டு தடவை மண்டி போட்டது.

கன்னியம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா! இதை எங்கே பிடித்தீர்கள்? எந்தக் கொடியில்?"

தீப்பெட்டியை எட்டிப் பார்த்தார். "நேத்து உங்கண்ணு முன்னால புடிச்சேனே, அதானே இது."

"அது தங்கம். இது பழுப்பு."

"அது உசுரோட இருந்திச்சு. இது செத்துப்போச்சு."

கன்னியம்மா பாயிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இத்தப் பாரு நைனா. தண்ணில கீறப்போ எப்பிடி மின்னும் தெரியுமா? கரைக்கு வந்தா அம்புட்டுத்தான். பூச்சிக்கு மட்டும் வேற சட்டமா? நீ கருவாட்டப் பாத்து மீனுக்குப் பேரு வெக்கிற ஆளா?"

நான் நம்பவில்லை. மூன்று தங்க வண்டுகளைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, வெயிலில் வைத்துப் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் மூன்றும் செத்தன. நிறம் முதலில் மங்கிற்று, பிறகு செம்பாயிற்று, பிறகு வெந்த வேர்க்கடலைத் தோல். பினாங்கில் நான் பார்த்துப் பார்த்து வரைந்திருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்புக்கு விளிம்பு, புள்ளிக்குப் புள்ளி ஒன்றே. எங்கள் காட்சிசாலையில் யாரும் அந்த வண்டை உயிரோடு பார்த்ததே இல்லை. புத்தகத்தில் படம் எழுதியவன் உயிரோடு பார்த்தான். நாங்கள் பிரேதத்தைப் பார்த்தோம். அதற்காக இரண்டு இனமாக்கி, மாலையும் போட்டுக்கொண்டுவிட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. சொந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்க எல்லாரையும் அழைத்துவிட்டு, தொட்டிலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை படுத்திருப்பதைக் கண்டவன் கதி எனக்கு. கன்னியம்மா பதறிப்போனார். என் பெயர், லத்தீன், வாசகசாலை, செட்டியார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

சொல்லும்போதே கெட்ட புத்தி ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு டஜன் தங்க வண்டைக் கொன்று, பழுப்பாக்கிக் கொண்டுபோனால் என்ன? துரைக்குத் தெரியாது. உலகத்துக்கும் தெரியாது. ஸ்பிரிட் பாட்டில் மட்டும் பறிபோகாமல் இருந்திருந்தால், முதல்நாளே தப்பித்தவறி இரண்டு தங்க வண்டு அதில் விழுந்து, மறுநாள் பழுப்பாகக் கிடந்து, நானும் நல்லெண்ணத்தோடேயே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். இப்போதோ தெரிந்து செய்யவேண்டும். இதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கன்னியம்மா கோபிக்கவில்லை. யோசித்தார். "செய்யேன். பேருதானே வோணும்? எங்க குப்பத்துல ஒருத்தி பழைய மீனு செவுள்ல குங்குமத்தப் பூசி, இப்பத்தான் புடிச்சதுன்னு வித்தா. அவளுக்கும் நல்ல பேரு. ராயபுரத்துலேர்ந்து எண்ணூரு வரைக்கும் எந்த வூட்டுல வேணா போயி கேளு, அவ பேர சொல்லாதவங்க கெடயாது" என்றார்.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, உயிரோடு கொண்டுபோக ஒரு சட்டி கிடைக்குமா என்று கேட்டேன்.

ஆறாம் நாள் அந்த வேலைதான். வாய் உடைந்த மண்சட்டியில் மணலோடு அடப்பங்கொடியை நட்டு, எட்டுத் தங்க வண்டையும் ஆறு புழுவையும் குடியேற்றி, மேலே பழைய வலைத் துண்டால் வேடு கட்டினோம். பாரத்தை எடுத்து நிரப்பினேன். ஊர், எர்ணாவூர். செடி, அடப்பங்கொடி. வண்டின் உள்ளூர்ப் பெயர், தங்கப்பூச்சி. புழுவுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அத்த போயி கலீஜு, பேர் கீர் கெடயாது" என்று கன்னியம்மா அவசரமாக முடித்துவிட்டார். அந்தக் கட்டம் மட்டும் காலியாக நின்றது. துரை முகம் என் கண்முன்னே வந்தது.

கடைசியாக நாலு புழு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று, குடையை முதுகில் கட்டிக்கொண்டு மறுபடியும் தவழ்ந்தேன். சற்றுத் தள்ளி ஒருத்தியின் குரல் கேட்டது.

"ஏ அக்கா! பெனாங்குகாரன் இங்க ஒருத்தன் கீறான் பாரு!"

"இதோ இருக்கிறேன்" என்று நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் ஒரு புழு, தன் அசிங்கத்தை முதுகுக்கு மேலே குடையாகத் தூக்கிக்கொண்டு, இலை இலையாகத் தலையை ஆட்டித் தவழ்ந்துகொண்டிருந்தது. நான் என்னைப் பார்த்தேன். முதுகில் கறுப்புக் குடை, குடை முழுக்கக் காக்கை எச்சம், இரண்டு முட்டியிலும் மணல்.

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ரெண்டாம் நாளே வெச்சிட்டாளுங்க நைனா. ஒயுங்கா பொருந்துதேன்னு நானும் உட்டுட்டேன். கோச்சிக்காத!" என்றார். அடக்க முடியாமல் அவருக்கே சிரிப்பு வெடித்தது. நானும் மணலில் உட்கார்ந்து குடை குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். ஆறு நாளில் அன்றுதான் முட்டி வலி தெரியவில்லை.

துறைமுகத்தில் அதே கான்ஸ்டபிள். சட்டியை வாங்கி, வேடு கட்டிய வலைக்குள் மூக்கை விட்டு முகர்ந்தார். "பர்மிட் கெடச்சுதா?" என்று கேட்டார். பூச்சிகள் குடியை விட்டுவிட்டன என்று சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். கப்பலில் நான் வாந்தி எடுத்துக்கொண்டே கொடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். எட்டில் ஐந்து வண்டும், சில புழுக்களும் பினாங்கைப் பார்த்தன.

ஒரு தங்க வண்டைத் துரையின் மேஜையில் தீப்பெட்டியில் வைத்து, ஜன்னல் வெயிலில் தள்ளிவிட்டு நின்றேன். துரை பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் டீ வந்தும் நிமிரவில்லை. தங்கம் மங்கி, செம்பாகி, கடைசியில் பழுப்பாகிற வரைக்கும் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பழைய பெட்டியைத் திறந்து, 'சொக்கலிங்கமி' என்று அழகாக எழுதி ஏற்கெனவே ஒட்டிவைத்திருந்த சீட்டை நகத்தால் மெதுவாக உரித்தார். அது முழுதாக வராமல் 'சொக்' மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. "முப்பது வருஷம்" என்றார் துரை. "ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை." என் கையை மறுபடியும் குலுக்கினார். முதல் தடவையைவிட இந்தத் தடவை அழுத்தமாகக் குலுக்கினார்.

பாரத்தைக் கேட்டார். கொடுத்தேன். கண் நேராகக் காலிக் கட்டத்துக்குப் போயிற்று.

"புழுவுக்கு உள்ளூர்ப் பெயர்?"

"அது... அவ்வளவு முக்கியமில்லை துரை."

"பெயர் இருக்கிறதா இல்லையா?"

"இருக்கிறது."

"சொல்."

"பெனாங்குகாரன்."

ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு, பதிவேட்டில் தடித்த மையால் எழுதி, மையுறிஞ்சும் தாள் வைத்து ஒற்றினார். என்ன அர்த்தம் என்று கேட்டார். வெயிலுக்குத் தானே குடை செய்து பிடித்துக்கொள்கிற சாமர்த்தியசாலி என்று அர்த்தம் என்றேன். மிகவும் பொருத்தமான பெயர், அந்த மக்கள் கூர்மையாகக் கவனிக்கிறவர்கள் என்று துரை பாராட்டினார்.

வாசகசாலைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். காட்சிசாலைப் பதிவேட்டில் என் பெயர் ஏறிவிட்டது என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. "எங்கே, காட்டு பார்ப்போம்" என்றார் செட்டியார். பெட்டிகளைத் திறந்து எல்லா வண்டுகளையும் காட்டினேன். புழு இருக்கிற பெட்டியின் சாவி மட்டும் அன்று துரையிடம் இருந்தது. இன்றைக்கும் அவரிடம்தான் இருக்கிறது.